சுடுபவரின் பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும்

நம் போடி போன்ற ஏலக்காய் ஊரில் துப்பாக்கி சுடும் விளையாட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா வென்ற 6 பதக்கங்களில் 3 பதக்கங்கள் இந்த விளையாட்டில் வந்தவை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் நாட்டுக்காகக் களத்தில் நின்றார். நாளை போடியிலிருந்தும் ஒரு பிள்ளை போகலாம். விளையாட்டுச் சங்கத்தின் கஜானா தள்ளாடும் நாளில் அந்தப் பிள்ளையின் பயிற்சி நின்றுபோகக் கூடாது என்பதே என் வாதம்.

அப்படியும் நடக்குமா என்று கேட்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். அங்கே தேசிய ரைஃபிள் சங்கம் 1871இல் தொடங்கியதே குறிபார்த்துச் சுடக் கற்றுத்தரத்தான். பின்னாளில் அது பெரும் அரசியல் அமைப்பானது. நிர்வாகிகளின் ஆடம்பரச் செலவு வழக்காயிற்று. 2021 ஜனவரியில் சங்கம் திவால் மனு போட்டது. நல்லெண்ணத்தோடு போட்ட மனு அல்ல என்று மே மாதம் நீதிமன்றம் தள்ளிவிட்டது. தலைமை நிர்வாகியாக இருந்த வெய்ன் லாபியர் 40 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கட்ட வேண்டும் என்று 2024இல் நியூயார்க் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். 2018இல் சுமார் 17 கோடி டாலராக இருந்த உறுப்பினர் சந்தா, 2022இல் பாதிக்கும் கீழே போயிற்று. வக்கீல் கட்டணம் ஏற ஏற, பயிற்சிக்கான செலவு சுருங்கியது. தவறு செய்தவர்கள் நிர்வாகிகள். அதற்கு விலை கொடுத்தவர்கள் பயிற்றுநரும் போட்டியாளரும்.

1951இல் பிறந்த நம் தேசிய ரைஃபிள் சங்கம் திவாலாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பணம் சில வாரம் தாமதமானாலே இந்த விளையாட்டு தாங்காது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்துக்கான புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். பெல்லட் டப்பா ஒவ்வொன்றிலும் லாட் எண் இருக்கும். துப்பாக்கியைக் கிடுக்கியில் இறுக்கி ஒவ்வொரு லாட்டையும் சுட்டுப் பார்த்து, எது ஏறக்குறைய ஒரே துளையில் விழுகிறதோ அதைத்தான் மொத்தமாக வாங்கி வைப்பார்கள். காசு நேரத்துக்கு வராவிட்டால் கிடைத்ததை வைத்துச் சுட வேண்டியதுதான். பயிற்றுநருக்குச் சம்பளம் நின்றாலோ இன்னும் மோசம். நிற்கும் நிலை, மூச்சு, விசையில் விரல் வைக்கும் பக்குவம் என்று ஆண்டுக்கணக்கில் ஒருவரைக் கவனித்து வளர்த்தவர் வேறு பிழைப்புத் தேடிப் போனால், வந்து சேரும் புதியவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இது பணக்காரர் விளையாட்டு, பொதுப்பணம் எதற்கு என்பார்கள். துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே சுடுதளம் இருந்தது உண்மைதான். ஆனால் பாரிஸில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே ஓர் ஆசிரியரின் மகன், அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். சங்கம் நொடித்தால் சொந்தச் சுடுதளம் உள்ளவர் தாக்குப்பிடிப்பார். குசாலேக்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். மத்திய அரசின் டாப்ஸ் திட்டம் இருக்கிறதே என்பார்கள். அது உச்சிக்கு அருகே வந்துவிட்டவர்களைத் தூக்கிவிடும். மாவட்டத்தில் முதல் பாடம் சொல்லித்தருபவரை அது எட்டாது.

தணிக்கை செய்த கணக்கை வெளியிடாத சங்கத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்ய 2025ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் வழி செய்கிறது. வரவேற்போம். ஆனால் அங்கீகாரம் போனால் அடி முதலில் விழுவது வீரர் மேல்தானே? அதனால்தான் வீரர்களின் பணத்தைப் பிரித்து வைக்கச் சொல்கிறேன். அப்படிப் பிரித்தால் சங்கத்தின் கை கட்டப்படாதா என்று கேட்பவர்களுக்கும் விடை இருக்கிறது. 2024 அக்டோபரில் சர்வதேச ஒலிம்பிக் குழு, உட்பூசலில் சிக்கிய இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கு நிதியை நிறுத்தியது. வீரர்களின் உதவித்தொகையை மட்டும் அவர்களுக்கே நேரடியாகத் தர முடிவெடுத்தது. செய்ய முடிந்த காரியம்தான் இது. நம் ஏலக்காய் ஏலக்கூடத்தில் விலை எல்லோர் கண்முன்னும் திரையில் ஓடுவதுபோல், சங்கங்களின் வரவு செலவும் வெளிச்சத்தில் ஓடட்டும். பயிற்றுநர் சம்பளமும் வீரர் உதவித்தொகையும் வழக்குச் செலவுக்குத் தொட முடியாத தனிக் கணக்கில் இருக்கட்டும். ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் இந்தக் கோரிக்கையை வையுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.