ஊசியோடு ஒரு குறிப்பேடு



நம் வீடுகளில் கையால் செய்யப்பட்ட பொருள்கள் சிலவற்றை எண்ணிப் பார்ப்போம். மேசைமேல் விரித்த குரோஷே விரிப்பு, தலையணை உறையில் போட்ட பூத்தையல், சந்தைக்கு எடுத்துச் செல்லும் ஒயர் கூடை, பழைய சேலைகளை ஒட்டுப்போட்டுத் தைத்த குழந்தை விரிப்பு. இவற்றில் ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, இதைச் செய்தவர் யார், எந்த ஆண்டில், யாருக்காக, எந்த நூலில் என்று கேட்டால் விடை சொல்லக்கூடியவர் உங்கள் வீட்டில் எத்தனை பேர்? பெரும்பாலான வீடுகளில் ஒருவர் இருப்பார். அவருக்கும் வயதாகியிருக்கும்.

கைவேலையில் விருப்பமுள்ளவர்கள் ஊசியும் நூலும் வைத்திருக்கும் பெட்டியிலேயே ஒரு குறிப்பேட்டையும் வைத்துக்கொள்வது பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

பெரிய கலைகளை எழுதி வைக்க ஆள் இருக்கிறார்கள். திரெங்கானுவின் சொங்கெட் நெசவைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. அருங்காட்சியகங்களில் அதற்கு இடமும் உண்டு. 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சொங்கெட்டைச் சேர்த்தது. நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் நம் பாட்டி பின்னிய மேசை விரிப்பைப் பட்டியலில் சேர்க்க எந்த நிறுவனமும் வீடு தேடி வராது. அந்தப் பட்டியலை வீட்டில் உள்ளவர்களே எழுதினால்தான் உண்டு.

எழுதுவது நம் பெண்களுக்குப் புதிய பழக்கமும் இல்லை. கோல நோட்டு என்ற ஒன்றை நாம் அறிவோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதி முடித்த பயிற்சிப் புத்தகத்தில் மிச்சமுள்ள தாள்களே கோல நோட்டாகும். "15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை" என்று தலைப்பில் ஒரு வரி இருக்கும். இந்த ஒரு வரி எவ்வளவு சொல்லிவிடுகிறது பாருங்கள்! நடு வரிசையில் 15 புள்ளிகள். அதற்கு மேலும் கீழும், முந்திய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஒரு புள்ளியாக, வரிசைக்கு ஒன்று குறைத்துக்கொண்டே போய் 8இல் நிறுத்த வேண்டும். கூட்டிப் பார்த்தால் 169 புள்ளிகள். ஆறு பக்கமுள்ள ஒரு களம். அதே 15ஐ நேர்ப்புள்ளி என்று எழுதி 1 வரை என்று போட்டால், வரிசைக்கு இரண்டிரண்டாகக் குறைந்து 113 புள்ளிகளில் ஒரு சாய்சதுரம் கிடைக்கும். கணக்கு ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்த வேண்டிய பாடம் இது. சமையலறை அலமாரியில் கிடக்கிறது.

ஆனால் கோல நோட்டில் ஒரு குறை உண்டு. புள்ளிக் கணக்கு இருக்கும், படம் இருக்கும், பெயர் இராது. இந்தத் தாமரைக் கோலத்தை யாரிடம் கற்றோம், எந்தப் பொங்கலுக்கு முதலில் போட்டோம், அன்றைக்கு மழை வந்து கலைத்ததா என்பதெல்லாம் இராது. வேலையை எழுதியவர் தம்மை எழுதாமல் விட்டுவிட்டார்.

இங்கிலாந்தில் தாளுக்குப் பதிலாகத் துணியே குறிப்பேடாக இருந்த காலம் ஒன்று உண்டு. தையல் மாதிரிகளை ஒரு துண்டுத் துணியில் தைத்து, சுருட்டி வைத்துக்கொண்டு, வேண்டும்போது விரித்துப் பார்ப்பார்கள். இதற்குச் 'சாம்ப்ளர்' என்று பெயர். ஆண்டு குறிக்கப்பட்ட ஆங்கிலேயச் சாம்ப்ளர்களில் மிகப் பழையது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1598ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தைத்தவர் ஜேன் பாஸ்டாக் என்ற பெண்மணி. விதவிதமான தையல்களோடு, ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பிறந்த செய்தியையும் தைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை பிற்பகல் என்பது தையலுக்குத் தேவையே இல்லாத செய்தி. ஆயினும் நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் துணியைப் பார்ப்பவர்கள் முதலில் நின்று படிப்பது அந்த வரியைத்தான்.

அதே அருங்காட்சியகத்தில் இன்னொரு துணி இருக்கிறது. எலிசபெத் பார்க்கர் என்ற பெண் 1830ஆம் ஆண்டு வாக்கில் தைத்தது. பூ இல்லை, பறவை இல்லை, ஓரத்தில் கொடி வேலைப்பாடு இல்லை. வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் குறுக்குத் தையலில் வரி வரியாக எழுத்து மட்டுமே. 1813இல் பிறந்த அவர், பதின்மூன்று வயது வாக்கிலேயே வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டார். வேலை செய்த இடத்தில் பட்ட கொடுமைகளையும், அவற்றை யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்ததையும், உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்ததையும் அந்தத் துணியில் தைத்திருக்கிறார். தமக்கு எழுத வராது என்பதால் இப்படிச் சொல்வதாகத் தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறார். ஏழைப் பெண்களுக்குப் பேனா பிடிக்கக் கற்றுத்தராவிட்டாலும், பெரிய வீடுகளின் துணிகளில் அடையாள எழுத்துத் தைக்க வேண்டுமே என்பதற்காக ஊசியால் எழுத்துப் போடக் கற்றுக்கொடுத்த காலம் அது. முதலாளி வீட்டுத் துணிக்காகக் கற்ற எழுத்தை அவர் தம் நெஞ்சைத் திறப்பதற்குப் பயன்படுத்திக்கொண்டார். அந்த எழுத்து ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுகிறது. கீழே துணி வெறுமையாக இருக்கிறது. அதைப் படிப்பவர்கள் அந்தப் பெண் என்ன ஆனாரோ என்று கலங்குவார்கள். நல்ல வேளையாக, பின்னாளில் அவர் பள்ளி ஆசிரியையாகி, 76 வயதுவரை வாழ்ந்து 1889இல்தான் மறைந்தார்.

இவை தொலைதூரத்துச் செய்திகள். நமக்கு அருகிலேயே, சிங்கப்பூரில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் சாங்கி சிறைச்சாலையில் அடைக்கப்பட்டார்கள். கணவன்மாரும் மகன்களும் அவர்களிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்தார்கள். கடிதம் அனுப்ப வழியில்லை. யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்று எந்தப் பக்கத்துக்கும் தெரியாது. அப்போது எதல் மல்வானி என்ற கனடா நாட்டுப் பெண்மணி ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு பெண்ணுக்கும் சுமார் ஆறு அங்குலச் சதுரத் துணி ஒன்று தரப்பட்டது. மாவு மூட்டைத் துணியும் பழைய படுக்கை விரிப்புந்தான். அதில் தம்மைப் பற்றிய ஏதேனும் ஒன்றைத் தைத்து, பெயரையும் தைக்கச் சொன்னார். அப்படிச் சேர்ந்த சதுரங்களை 66, 66ஆக இணைத்து மூன்று விரிப்புகள் தைத்தார்கள். மருத்துவமனையில் கிடக்கும் காயம்பட்டவர்களுக்கு என்று சொல்லி அவற்றை அனுப்ப அனுமதி கேட்டார்கள். ஒரு விரிப்பு ஜப்பானியப் படைவீரர்களுக்கு என்றே தைக்கப்பட்டது. அதிகாரிகளின் மனத்தை இளக்க அதுவும் வேண்டியிருந்திருக்கும்.

விரிப்புகள் போய்ச் சேர்ந்தன. ஒருத்தி தன் ஊரின் மலரைத் தைத்திருந்தாள். ஒருத்தி தான் இருக்கும் சிறை அறையையே தைத்திருந்தாள். மருத்துவமனைக் கட்டிலில் அந்த விரிப்பைப் பார்த்தவன் எந்தப் பூவின் அழகைப் பார்த்திருப்பான்? மூலையில் இருக்கும் பெயரைத்தான் தேடியிருப்பான். பெயர் இருந்தால் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று பொருள்.

அந்தப் பெண்கள் இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள். ஆஸ்திரேலியர்களுக்கான விரிப்பில், இதைத் தந்தவர்கள் சாங்கி முகாமின் பெண்கள் என்பதையும், ஆண்டையும், போர் முடிந்தபின் இதை ஆஸ்திரேலியச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் எழுதி வைத்தார்கள். இன்று இரண்டு விரிப்புகள் கான்பராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. சதுரத்தில் இருக்கும் பெயர்களைக் கொண்டுதான் அந்தப் பெண்களின் வரலாற்றைப் பிற்காலத்தவர் தேடிச் சேர்க்க முடிந்தது. அதே சிறையில் சிறுமிகள் சிலர் கந்தைத் துணிகளை அறுகோணமாக வெட்டி, தங்கள் சாரணியர் தலைவியின் பிறந்தநாளுக்கு ஒரு விரிப்புத் தைத்தார்கள். அவர்களும் பெயர்களைத் தைக்க மறக்கவில்லை. அது லண்டனில் உள்ள போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, நம் குறிப்பேட்டுக்கு வருவோம். என்ன எழுதுவது? "அழகாக வந்தது, அனைவரும் பாராட்டினார்கள்" என்று எழுதிப் பயனில்லை. அடுத்த முறை ஊசியை எடுக்கும்போது எது தெரிந்தால் நேரம் மிச்சப்படுமோ அதை எழுத வேண்டும்.

குரோஷே வேலையை எடுத்துக்கொள்வோம். நூலின் எண்ணையும் ஊசியின் அளவையும் முதலில் குறிக்க வேண்டும். நூலின் எண் கூடக் கூட நூல் மெலியும். 10ஆம் எண் நூலில் மேசைக்குப் போதுமானதாக வந்த விரிப்பு 40ஆம் எண் நூலில் மேசைக்குப் போதாத அளவுக்குச் சுருங்கிவிடும். செய்முறையை எந்த நாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்தோம் என்பதையும் எழுத வேண்டும். ஆங்கிலேயர் 'டபுள் குரோஷே' என்று சொல்வதை அமெரிக்கர் 'சிங்கிள் குரோஷே' என்பார்கள். பழைய ஆங்கிலேயப் புத்தகத்தைப் பார்த்துப் பாதியும், இப்போது வரும் அமெரிக்கப் படக்காட்சியைப் பார்த்துப் பாதியும் பின்னினால் விரிப்பு ஒரு பக்கம் குல்லாய்போல் குவிந்துகொள்ளும். பிறகு நூலைக் குறை சொல்வோம்!

அடுத்தது நம் கையின் இறுக்கம். ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே எண்ணிக்கை. ஆனாலும் அக்காள் பின்னியதும் தங்கை பின்னியதும் ஒரே அளவில் வாரா. நான்கு அங்குலச் சதுரம் ஒன்றைப் பின்னி, அதில் எத்தனை கண்கள், எத்தனை வரிசைகள் என்று எண்ணி எழுதிக்கொண்டால் அது உங்கள் கையின் அளவாகும். அந்தச் சதுரத்தையே பக்கத்தில் தைத்துவிடலாம். கம்பளி நூல் வாங்கினால் அதைச் சுற்றியுள்ள காகிதத்தை எறிந்துவிடாதீர்கள். நிறத்தின் எண்ணோடு சாயத் தொகுதியின் எண்ணும் அதில் இருக்கும். நூல் குறைந்து, மறுபடி வாங்கும்போது நிறம் ஒன்றாக இருந்து தொகுதி வேறாக இருந்தால், சட்டையின் நடுவே ஒரு கோடு தெரியும்.

ஒயர் கூடை பின்னுகிறவர்கள் முடிச்சின் பெயரை எழுதட்டும். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று எவ்வளவு அழகான பெயர்கள்! அடிப்பாகத்துக்கு எத்தனை முடிச்சு, உயரத்துக்கு எத்தனை வரிசை, கைப்பிடிக்கு எவ்வளவு ஒயர் ஒதுக்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். கைப்பிடிக்கு ஒயர் போதாமல் போவது எத்தனை பேர் அனுபவம்!

செலவான நேரத்தையும் எழுத வேண்டும் என்று சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். கைவேலையை விற்கும் பெண்களுக்கு இதுதான் முக்கியம் என்பது நம் கருத்து. தீபாவளிச் சந்தையில் ஒரு பொருளை 30 வெள்ளிக்குக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நூலுக்கு 12 வெள்ளி போக மீதி 18 வெள்ளி. செய்தது ஒன்பது மணி நேரம் என்று குறிப்பேடு சொன்னால், ஒரு மணி நேரத்துக்கு இரண்டு வெள்ளிதான் கூலி. கணக்குத் தெரியாதவரையில் 18 வெள்ளி லாபம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். பேரம் பேசுகிறவரிடம் விலையைக் குறைக்க முடியாது என்று சொல்வதற்கு அந்த ஒன்பது மணி நேரம் எழுத்தில் இருப்பது பெரிய துணை.

இவ்வளவும் எழுதினால் அது தொழில் குறிப்பு. அதன்கீழ் இரண்டு வரி நம்மைப் பற்றியும் இருக்கட்டும். "மருமகளுக்கு வளைகாப்பு, மருத்துவமனையில் காத்திருந்தபோது பின்னியது" என்று எழுதினால் போதும். ஜேன் பாஸ்டாக்கின் செவ்வாய்க்கிழமை பிற்பகல்போல. முதலில் இரண்டு வரிதான் வரும். நாளடைவில் அது நான்காகும், பத்தாகும். யாரிடம் கற்றோம் என்று எழுதத் தொடங்கி, கற்றுக்கொடுத்த பெரியம்மாவின் கதை முழுவதும் வந்துவிடும். எழுத வராது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் தங்களை அறியாமலே எழுதக் கற்றுக்கொள்வது இப்படித்தான். ஆனால் எழுதுவதற்காகவே பின்ன வேண்டாம். வேலை பாதியில் கிடக்க, குறிப்பேட்டை அலங்கரித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் என்ற அளவே நல்லது.

கைபேசியில் படம் இருக்கிறதே, போதாதா என்று இளையவர்கள் கேட்பார்கள். படம் எடுங்கள். ஆனால் படம் நூலின் எண்ணைச் சொல்லாது. கைபேசி தொலைந்தால் படமும் போகும். ஒரு படத்தை அச்சிட்டுப் பக்கத்தில் ஒட்டி, அருகே ஆண்டைப் போடுங்கள்.

நம் நாட்டு ஈரக் காற்றில் மை கசியும். ஆகவே பென்சிலால் எழுதுவது நல்லது. குறிப்பேட்டைச் சமையலறையில் வைக்காதீர்கள், பூச்சி வரும். முடித்த பொருளின் பின்புறத்தில் ஒரு விரல் அகலத் துணி நாடாவைத் தைத்து, பெயர், ஆண்டு, குறிப்பேட்டின் பக்க எண் மூன்றையும் அதில் தைத்துவிடுங்கள். குறிப்பேட்டில் இடப்பக்கத்தில் மட்டும் எழுதி, வலப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். உங்கள் மகளோ பேத்தியோ அதே விரிப்பைப் பின்னும்போது, எங்கே மாற்றினார்கள் என்று எழுத அந்த இடம் தேவைப்படும்.