அட்டை மூக்கும் ஹாலே நகரத்துக் கதவும்



"மெக்கானிக்கல் படிச்சவனுக்கு இறையியல்ல என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். மெஷின் பார்க்கப் போன இடத்தில்தான் இந்த விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

2022இல் கம்பெனி வேலையாக ஜெர்மனி போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி ஹாலே நகரத்துக்குப் போனேன். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அங்கே படித்தவர். அந்த ஊரில் வார்த்த தமிழ் எழுத்துகள்தான் தரங்கம்பாடி அச்சகத்துக்குக் கப்பலேறி வந்தன. அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் அங்கேயே அச்சானது. நம்ம ஊருக்கே வந்த மாதிரி எனக்குப் பெருமை!

அதே ஹாலேயில் 1728இல் காலன்பெர்க் என்ற பேராசிரியர் யூதருக்கென்று ஒரு மிஷன் தொடங்கினார். யூதர்கள் வீட்டில் பேசிய இத்திஷ் மொழியில் சிறுநூல்கள் அச்சடித்து, ஊர் ஊராக ஊழியர்களை அனுப்பினார்கள். நல்ல மனதோடு செய்திருக்கலாம். ஆனால் கேட்டவர்களின் நிலை என்ன? யூதரின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி 1543இல் லூத்தரே எழுதியிருந்தார். அப்படிப்பட்ட சபையிலிருந்து வரும் நற்செய்தியை அவர்கள் எந்தக் காதால் கேட்பார்கள்?

அன்று மாலை யூத ஜெப ஆலயத்துக்குப் போனேன். 2019 அக்டோபர் 9, அவர்களுடைய புனித நாளான யோம் கிப்பூர் அன்று, ஓர் இனவெறியன் துப்பாக்கியோடு அங்கே வந்தான். உள்ளே ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். பூட்டியிருந்த மரக்கதவைச் சுட்டும் அவனால் திறக்க முடியவில்லை. வெளியே இரண்டு உயிர்களைப் பறித்தான். குண்டு துளைத்த அந்தக் கதவை இப்போது நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். பொறியாளன் புத்தி, கீலையும் பூட்டையும்தான் முதலில் பார்த்தேன்.

அங்கிருந்த பெரியவர் ஒருவர், "உங்க ஊர்ல யூதர்கள் உண்டா?" என்று கேட்டார். "இல்லீங்க ஐயா" என்றேன். "அப்போ எங்களைப் பத்தி உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விடுதியில் நாங்கள் போட்ட பெரிய வெள்ளி நாடகம் நினைவுக்கு வந்தது. அதில் காய்பாவாக நடித்தது நான். கோணல் மூக்கு ஒன்றை அட்டையில் வெட்டி ஒட்டிக்கொண்டேன். அரங்கமே சிரித்தது. இயேசுவாக நடித்தவனுக்கு அப்படி ஒரு மூக்கு வைக்க எனக்குத் தோன்றவில்லை. அவரும் யூதர்தானே!

ஹாலேயில் சுட்டவன் பிரசங்கம் கேட்டு வந்தவன் அல்ல. ஆனாலும் ஒரு பாலம் இடிந்தால் அன்று ஓடிய லாரியை மட்டும் பார்த்தால் போதாது, பழைய வரைபடத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்தவர் ஜூல் ஐசக் என்ற பிரெஞ்சு யூத வரலாற்றாசிரியர். மனைவியையும் மகளையும் நாஜிகளிடம் பறிகொடுத்தவர். 'யூதர்கள் தேவனைக் கொன்றவர்கள்' என்று நூற்றாண்டுகளாகச் சபை போதித்து வந்ததே இந்த வெறுப்புக்கு நிலம் பண்படுத்தியது என்று எழுதிக் காட்டினார். 1960இல் போப் 23ஆம் யோவானை நேரில் கண்டு முறையிட்டார். 1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்துவின் மரணப் பழியை யூத இனத்தின் மேல் சுமத்தக் கூடாது என்று அறிவித்தது. அதைப் பார்க்க ஐசக் உயிரோடு இல்லை. 1963இலேயே காலமாகிவிட்டார்.

அடுத்து எழுந்தது மிஷன் பற்றிய கேள்வி. ரோமர் நிருபம் 11ஆம் அதிகாரத்தின்படி தேவன் இஸ்ரவேலோடு செய்த உடன்படிக்கை மாறாதது என்றால், அவர்களை மதம் மாற்ற மிஷன் எதற்கு? அப்படிப்பட்ட தனி அமைப்புகளைத் தாங்கள் நடத்துவதில்லை என்று 2015இல் வத்திக்கான் சொன்னது. 2016இல் ஜெர்மன் புராட்டஸ்டண்டு சபைகளின் மாமன்றமும் யூதரை மதம் மாற்றும் பணியைக் கைவிட்டது. சுவிசேஷம் யூதருக்கும் சொல்லப்பட வேண்டும் என்று 1989இன் வில்லோபேங்க் அறிக்கை அழுத்திச் சொன்னது. அதை ஏற்போர் இன்றும் பலர். என் வீட்டிலேயே இந்த வாதம் முடியவில்லை.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அடுத்தவரின் மொழியைக் கற்பது அவரிடம் பேசுவதற்கு மட்டுமல்ல, அவர் சொல்வதைக் கேட்பதற்கும்தான். சாட்சி சொல்ல வாய் மட்டும் போதாது, காதும் வேண்டும்.

தம்பி தங்கைகளே, இந்த வருஷமும் நாடகம் போடுவீர்கள். போடுங்கள். அந்த மூக்கை மட்டும் ஒட்டாதீர்கள். நாம் பார்த்தே இராதவர்களைப் பற்றி நமக்கு யார் சொன்னார்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.