மண்ணளைந்த குழந்தை பாடிய பாட்டு



1904ஆம் ஆண்டில் பாரதியார் தமிழாசிரியராய்ப் பணியாற்றிய மதுரைச் சேதுபதி பள்ளியிலேதான், 1916இல் பிறந்த இசையரசி எம்.எசு. சுப்புலட்சுமி சிறுமியாயிருந்தபோது முதன்முதல் அவையோர்முன் பாடினார்.

மண்ணளைந்து விளையாடிய குழந்தையை அங்குத் தூக்கிச் சென்றனர். அன்னையார் சண்முகவடிவு வீணை மீட்டிக் கொண்டிருந்தார். அவர் பணித்தவாறே குழந்தை பாடிற்று. கைதட்டல் எழுந்தது. குழந்தையின் நெஞ்சமோ விட்டுவந்த மண்ணையே நாடிற்று! பின்னாளில் அவரே இதனை நினைவுகூர்ந்தார்.

அவையச்சத்தை நாமே ஊட்டுவதும் உண்டு. பள்ளி முன்றிலில் பிழைபடப் பாடிய பிள்ளையைப் பலர்முன் எள்ளுகின்றோம். அன்று அடங்கிய குரல் வாழ்நாளெல்லாம் எழாது போதலும் உண்டு.

எள்ளாதீர், பரிசு காட்டியும் மயக்காதீர். நம் பிள்ளைகளைத் தமிழில் வாய்விட்டுப் பாட விடுங்கள். பாடி முடித்ததும் விளையாட விடுங்கள்!