ஊராட்சிக் கணக்கையும் உழவர் பார்க்க வேண்டும்

(ஜமுனாமரத்தூர் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாமை எத்தனை மூட்டை கண்டது, விதையும் கூலியும் போக மீதம் என்ன என்று களத்திலேயே கணக்குப் பார்ப்பவர்கள் நீங்கள். ஊராட்சிப் பணத்தையும் அவ்வாறே பார்த்தல் வேண்டும். அப்பணம் வரும் வழியும் செலவாகும் வகையும் காலந்தோறும் மாறி வந்துள்ளன.

1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஊராட்சி ஒன்றியங்கள் தொடக்கப் பள்ளிகளை நடத்தின. 1.6.1981 முதல் அவற்றின் ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆயினர். பள்ளி அதே இடத்தில் இருந்தது; செலவின் பொறுப்பு கைமாறியது. ஆகவே, ஒரு கணக்கில் தொகை குறைந்தால் பணியே குறைந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

1994ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் மாநில நிதிக்குழு, மத்திய நிதிக்குழு ஆகியவற்றின் பரிந்துரைப்படி பங்கு வரத் தொடங்கியது. 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கியபோது, முதற் கட்டத்திலேயே நம் திருவண்ணாமலை மாவட்டம் இடம்பெற்றது. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான மானியத்தில் நூற்றுக்கு 60 ரூபாயைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கியது. எஞ்சிய 40 ரூபாயே ஊரின் பிற தேவைகளுக்கு.

கறவை மாடு வாங்குபவர் தீவனத்திற்கும் வழி தேடிக்கொள்கிறார். குடிநீர்த் தொட்டியும் அப்படித்தான். கட்டி முடித்த பின் மின் கட்டணம், மோட்டார் பழுது, தொட்டி இயக்குபவர் ஊதியம் ஆகியவை ஆண்டுதோறும் வரும். சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் மலையில் குழாயின் நீளமும் அதிகம். பராமரிப்புக்குப் பணம் வைக்காவிட்டால், தொட்டி நிற்கும், தண்ணீர் வராது, நம் பெண்கள் மீண்டும் குடத்துடன் ஊற்றுக்கு நடக்க நேரும்.

கணக்கைப் பார்க்கும்போது மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, விலை ஏற்றம். உதாரணமாக, பத்தாண்டுக்கு முன் பராமரிப்புக்கு 1,00,000 ரூபாய், இன்று 1,50,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். இடையில் குழாய் விலையும் கூலியும் இரு மடங்காகியிருந்தால், இன்றைய தொகை அன்றைய 75,000 ரூபாய்க்கே சமம். தொகை கூடியும் வேலை குறைந்துள்ளது.

இரண்டாவது, புதிய கட்டுமானம் எவ்வளவு, பராமரிப்பு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

மூன்றாவது, எந்தெந்தச் சிற்றூருக்குச் செலவாயிற்று என்று கேளுங்கள்.

2022 முதல் கிராம சபைக்கு ஆண்டில் ஆறு நாட்கள் குறிக்கப்பட்டுள்ளன: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கணக்குக் கேட்கும் உரிமை சபைக்கு உண்டு. களத்தில் கேட்பதுபோலவே அங்கும் தயங்காமல் கேளுங்கள். தாய்மார்களும் தவறாது வாருங்கள். தண்ணீரின் அருமையை அறிந்தவர்கள் நீங்கள்தாம்.