இரத்தமும் இதயமும்: வலிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்

(பொன்விழாக் குடும்ப நாளில் ஆற்றிய உரை)





இந்தத் தலைப்பில் பேச ஒரு மருத்துவரை அழைத்திருக்கலாம். ஏன் எங்களைக் கூப்பிடுகிறீர்கள் என்று செயலாளர் அண்ணனிடம் கேட்டோம். "டாக்டர் பேசினால் தலையாட்டிவிட்டு நேராக பிரியாணிக்குப் போய்விடுவார்கள். கடைக்காரன் சொன்னால் கொஞ்சம் கேட்பார்கள்" என்றார். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் டிப்ளோமா முடித்துவிட்டு, அத்தாவின் மளிகைக் கடையில் வந்து உட்கார்ந்த அண்ணன் தம்பி நாங்கள். மருத்துவம் எங்கள் படிப்பு அன்று. எங்கள் வீட்டில் நடந்ததையும், அதற்குப் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் மட்டும் சொல்கிறோம்.

அத்தாவை உங்களில் பலருக்குத் தெரியும். சங்கத்தின் 25ஆம் ஆண்டு மலரில், பின்வரிசையில் சிரித்துக்கொண்டு நிற்பவர்கள் அவர்கள்தான். சில ஆண்டுகளுக்கு முன், நோன்புக்கு முந்திய வாரம், சுபுஹு தொழுதுவிட்டு வந்து "நெஞ்சில் ஏதோ பாரமாக இருக்கிறது" என்றார்கள். வாயுவாக இருக்கும் என்று நாங்களே தீர்ப்புச் சொன்னோம். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். அன்று பேரீச்சம்பழச் சரக்கு வந்து இறங்கும் நாள். அத்தா வழக்கம்போல் கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்தார்கள். பதினொன்றரை மணிக்குச் சட்டை நனைய வியர்த்து, வாந்தி எடுத்த பிறகுதான் 995ஐ அழைத்தோம்.

அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தது. அடைபட்ட குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆனால் இரத்தம் கிடைக்காமல் கிடந்த அந்த ஐந்து மணி நேரத்தில் இதயத் தசையின் ஒரு பகுதி செத்துவிட்டது. செத்த தசை மறுபடி வளர்வதில்லை. நல்ல இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் நிறையும் இரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ளும். அத்தாவின் இதயம் மூன்றில் ஒரு பங்கைத்தான் தள்ளியது. அரிசி மூட்டையைத் தோளில் தூக்கியவர்கள் அதன்பின் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதார்கள். ஐந்து ஆண்டுகளில் எங்களை விட்டுப் போனார்கள். ஆயுள் அல்லாஹ்வின் கையில். ஆனால் அந்த ஐந்து மணி நேரம் எங்கள் கையில் இருந்தது. அதை இன்றும் மறக்க முடியவில்லை.

பிறகு வீட்டைச் சுத்தம் செய்தபோது அலமாரியில் இரத்த அழுத்த மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. தலை சுற்றும் நாளில் மட்டும் போட்டிருக்கிறார்கள். மற்ற நாள்களில் எங்கும் வலிக்கவில்லை அல்லவா? நாங்கள் சொல்ல வந்த செய்தியே இதுதான். இரத்தத்திலும் இதயத்திலும் வரும் பொதுவான நோய்களில் பல, வலிக்காமல் வருகின்றன. வலிக்கும்போது பாதி சேதம் முடிந்திருக்கிறது.

நிமிடத்துக்கு 70 முறை என்று கணக்குப் போட்டால், இதயம் ஒரு நாளில் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. உடலிலுள்ள ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை ஓயாமல் சுற்ற விடுகிறது. அந்த இதயத்துக்கே இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மிகச் சிறியவை. அவற்றைக் கெடுப்பவை முக்கியமாக நான்கு: உயர் இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, நீரிழிவு, புகை.

முதலில் இரத்த அழுத்தம். மேலே உள்ள எண் இதயம் சுருங்கும்போதும், கீழே உள்ள எண் இதயம் தளரும்போதும் குழாயில் இருக்கும் அழுத்தம். மருந்தகத்தில் வெவ்வேறு நாள்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம். வீட்டில் அளந்தால் 135/85 என்பதையே எல்லையாகக் கொள்கிறார்கள். அளக்கும் முன் அரை மணி நேரம் காப்பியும் சிகரெட்டும் வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை மேசைமீது நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு அளந்துவிட்டுப் பதறக் கூடாது. மாத்திரை போட்டு அழுத்தம் இறங்கினால், மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். நோய் போய்விட்டது என்று பொருள் அன்று.

அடுத்தது கொழுப்பு. எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு குழாயின் சுவரில் ஆண்டுக் கணக்கில் படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, குழாயை அடைத்தால் அதுவே மாரடைப்பு. ஊரில் சோதனை செய்துகொண்டு வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே மில்லிகிராமில் எழுதுவார்கள், சிங்கப்பூரில் மில்லிமோலில். ஊர் ரிப்போர்ட்டில் மொத்தக் கொழுப்பு 200 என்பதும் இங்கே 5.2 என்பதும் ஒன்றுதான். சர்க்கரைக்கு இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் ஊர் எண் வரும். வெறும் வயிற்றில் 7.0 என்றால் ஊர்க் கணக்கில் 126. அந்த எண்ணிலிருந்துதான் நீரிழிவு என்கிறார்கள். இது தெரியாமல், "அங்கே 126 இருந்தது, இங்கே 7க்கு இறங்கிவிட்டது" என்று எங்கள் கடையில் ஒரு பெரியவர் சந்தோஷப்பட்டார். ஊர்ப் பணத்தை வெள்ளிக்கு மாற்றத் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கும் தெரிய வேண்டாமா?

"எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லை, நான் இளைஞன்" என்பவர்களுக்கு ஒரு செய்தி. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் இதய மருத்துவர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் இன்டர்ஹார்ட் என்ற ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2004இல் வெளியானது. முதல் மாரடைப்புகளில் சுமார் 90 விழுக்காட்டுக்கு, அளந்து பார்க்கக்கூடிய ஒன்பது காரணிகளே போதும் என்று அது காட்டியது. புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, தொப்பை, மனஅழுத்தம், காய்கனி குறைவு, உடற்பயிற்சி இன்மை, மது என்பவையே அவை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஆறு ஆண்டு முந்தி வருகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. நம் போன்ற ஆசியர்களுக்கு இடுப்பளவின் எல்லையை ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று குறைத்து வைத்திருக்கிறார்கள். எடை சரியாக இருந்தும் வயிறு மட்டும் தள்ளியிருப்பது நம்மிடையே சகஜம். அது செழிப்பின் அடையாளம் அன்று.

அத்தாவுக்கு நடந்த பிறகு நாங்கள் இருவரும் சோதனைக்குப் போனோம். எங்களில் ஒருவருக்கு 31 வயதில் 150/96. மருத்துவர் கொடுத்த மாத்திரையை அவர் எட்டு மாதம் தொடவே இல்லை. என்ன காரணம் என்கிறீர்கள்? "எங்கும் வலிக்கவில்லையே!" அத்தா சொன்ன அதே வார்த்தை. யார் அவர் என்று கேட்க வேண்டாம். இப்போது ஒழுங்காகப் போடுகிறார்.

இனி இரத்தத்தைப் பற்றி இரண்டு செய்திகள். முதலாவது சோகை. ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13க்கும், பெண்களுக்கு 12க்கும், கர்ப்பிணிகளுக்கு 11க்கும் கீழே போனால் சோகை. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் தாய்மார்கள் "அசதிதான்" என்று தள்ளிவிடுவது பெரும்பாலும் இதைத்தான். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். எலுமிச்சை, கொய்யா போன்றவை இரும்பு சேர உதவும். வயதான ஆண்களுக்குச் சோகை வந்தால் சத்து மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது. குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது தலசீமியா. அதன் மரபணுவைச் சுமப்பவர் நோயாளி அல்லர், சாதாரணமாகவே வாழ்வார். ஆனால் கணவன் மனைவி இருவருமே சுமப்பவர்களானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்தக் குழந்தை வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்றிக்கொண்டு வாழ நேரலாம். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் முடிக்கும் குடும்பங்களில் இருவரும் ஒரே மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு கூடுதல். சொந்தத்தில் முடிக்காதீர்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நிச்சயம் பேசும் முன் இரு பக்கமும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்கிறோம். நகை எத்தனை பவுன் என்று கேட்க வெட்கப்படாத நாம், இதைக் கேட்க ஏன் வெட்கப்பட வேண்டும்? கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் தேசிய தலசீமியா பதிவகம் இயங்குகிறது. உங்கள் மருத்துவரைக் கேட்டால் வழி சொல்வார்.

நோன்பு பற்றியும் ஒரு வார்த்தை. மருந்தை நாமாக நிறுத்துவதும், இரண்டு வேளை மருந்தைச் சேர்த்து ஒரே வேளையில் போடுவதும் ஆபத்து. ரமலானுக்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்தால் சஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மாற்றித் தருவார். நீரிழிவுக்காரர்கள் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறிவதில்லை என்று ஆலிம்கள் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரை 3.9க்குக் கீழே இறங்கினால் அப்போதே நோன்பைத் திறந்துவிட வேண்டும். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கும்போது, உடலை வருத்திப் பிடிவாதம் செய்வது நன்மையாகாது.

கடைசியாக, அந்த ஐந்து மணி நேரத்துக்கு வருகிறோம். நெஞ்சில் பாரம், அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல், வாந்தி இவை மாரடைப்பின் அடையாளங்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல், வெறும் அசதியும் மூச்சுத் திணறலுமாக வரலாம். ஓமத் தண்ணீர் வேண்டாம். டாக்சி வேண்டாம், மகன் கார் கொண்டு வரட்டும் என்ற காத்திருப்பும் வேண்டாம். 995. ஆம்புலன்சிலேயே சிகிச்சை தொடங்கிவிடும். வாட்ஸ்அப்பில் வருவதுபோல் பலமாக இருமினால் மாரடைப்பு நிற்காது. பூண்டும் இஞ்சியும் எலுமிச்சையும் தேனும் காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரையும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. பூண்டும் தேனும் விற்கும் கடைக்காரர்கள் நாங்களே சொல்கிறோம், நம்புங்கள்.

மாரடைப்பு வேறு, இதயத் துடிப்பு நின்றுபோவது வேறு. மின்னணுவியல் படித்த எங்களுக்கு இது சுலபமாகப் புரிந்தது: முன்னது குழாய்க் கோளாறு, பின்னது பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. ஆள் சுருண்டு விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், 995ஐ அழைத்துவிட்டு நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில், மின்தூக்கி பக்கத்தில், இரண்டு புளோக்குக்கு ஒன்று என்று இதயத் துடிப்பு மீட்புக் கருவி வைத்திருக்கிறார்கள். திறந்தால் அதுவே பேசி வழி சொல்லும். தேவையில்லாமல் மின்னதிர்ச்சி கொடுக்காது. உங்கள் புளோக்கில் அது எங்கே இருக்கிறது? இன்று வீட்டுக்குப் போகும்போது பிள்ளைகளோடு நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

பிரியாணியை விடச் சொல்லி நாங்கள் வரவில்லை. தே தாரிக்கில் சீனியைக் குறைத்துக் கேளுங்கள். உப்பு ஒரு நாளைக்கு ஒரு சிறு கரண்டி, அதாவது 5 கிராமுக்குள். ஊறுகாய், கருவாடு, சாஸ் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். மஸ்ஜிதுக்கு நடந்து போகும் தூரமென்றால் நடந்து போங்கள். புகைப்பவர்கள் விட்டுவிடுங்கள், இதில் பாதி விடுவது என்ற பேச்சே இல்லை.

ஆண்டுக்கு ஒரு முறை கடையைச் சாத்திவிட்டுச் சரக்குக் கணக்கு எடுக்கிறோம். ஒரு டின் பால் குறைந்தாலும் தேடுகிறோம். நம் இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை ஆகிய மூன்று எண்களும் இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2023இல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்தால் ஒரே குடும்ப மருத்துவர் நம்மைத் தொடர்ந்து பார்ப்பார். சேராதவர்கள் சேருங்கள். வாசலில் இரண்டு இரத்த அழுத்தக் கருவிகள் வைத்திருக்கிறோம். பந்திக்கு உட்காரும் முன் ஒரு முறை கையை நீட்டுங்கள். பெரியவர்களை நீங்களே அழைத்து வாருங்கள். அத்தாவை நாங்கள் அப்படி அழைத்துப் போகவில்லை. நீங்கள் போங்கள்.

வல்ல அல்லாஹ் நம் எல்லோருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.