ஊருக்கு பஸ் உண்டா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பொங்கலுக்கு ஊருக்குப் போன நம் வாட்ச்மேன் ஒரு நாள் தாமதமாகத் திரும்பியது உங்களுக்கு நினைவிருக்கும். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டதாகச் சொன்னார். கமிட்டியில் நாங்கள் நம்பவில்லை. ஒரு நாள் சம்பளம் பிடித்தோம். அன்று இரவே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் ஊரைத் தேடிப் பார்த்தேன். பஸ் வசதி 'உண்டு' என்று இருந்தது. நாம் செய்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் அவர் மகளின் காதுகுத்துக்காக அந்த ஊருக்குப் போனேன். பஸ் எங்களை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டது. அங்கிருந்து அவர் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடை. அந்த பஸ்ஸும் ஒரு நாளைக்கு மூன்று முறைதான். கணக்கெடுப்பு பொய் சொல்லவில்லை. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

எப்படிப் படிப்பது? நம் எல்லோருக்கும் ஒரு சொந்த ஊர் உண்டு என்பதால் சொல்கிறேன்.

கணக்கெடுப்பில் 'கிராமம்' என்றால் வருவாய் கிராமம். அதற்குள் பல குக்கிராமங்கள் இருக்கும். தமிழ்நாட்டில் ஊராட்சிகள் சுமார் 12,500. குக்கிராமங்களோ 79,000-க்கும் மேல். அதாவது ஓர் ஊராட்சிக்குச் சராசரியாக ஆறு. வருவாய் கிராமத்தில் ஓர் இடத்தில் பஸ் நின்றாலும் முழுக் கிராமத்துக்கும் 'உண்டு' என்றுதான் பதிவாகும். இல்லாவிட்டால் 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10, 10-க்கு மேல் என்று தூரத்தைக் குறிப்பார்கள்.

மக்கள்தொகைப் பக்கத்தில் வேலை செய்பவர்களை இரண்டாகப் பிரித்திருப்பார்கள்: வருடத்தில் ஆறு மாதமாவது வேலை பார்த்தவர்கள், அதற்கும் குறைவாகப் பார்த்தவர்கள். இரண்டாவது எண் பெரிதாக இருக்கும் ஊர்களிலிருந்து ஆட்கள் ஏன் நகரத்துக்கு வருகிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஊரின் தலைக்கணக்குக்கும் ரோட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2000-ல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் குறைந்தது 500 பேர் உள்ள குடியிருப்புகளுக்கானது. 480 பேர் இருந்தால் அந்த வரம்புக்குள் வராது. ரோடு இல்லாவிட்டால் பஸ் வராது. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பஸ்ஸே வராத தெருவில் இருக்கும் பெண்ணுக்கு அதனால் என்ன பயன்?

எனவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, விடுமுறை கொடுக்கும்போது "உங்க ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்றும் கேளுங்கள். அதற்கேற்றபடி அனுப்பிவைப்போம்.

இரண்டு, 2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்க இருக்கிறது. கணக்கெடுப்பாளரை கேட்டிலேயே நிறுத்திவிடாதீர்கள். கீழே அறையில் தங்கியிருக்கும் வாட்ச்மேனையும், உங்கள் வீட்டோடு தங்கி வேலை செய்பவர்களையும் சொல்ல மறக்காதீர்கள். ஊரில் "அவர் இங்கே இல்லை" என்பார்கள். நாமும் விட்டுவிட்டால் அவர் எந்தக் கணக்கிலும் இருக்க மாட்டார். இங்கே எண்ணினால் ஊரில் ரேஷன் கார்டு போய்விடும் என்று அவர்கள் பயப்படலாம். 1948-ஆம் ஆண்டு சட்டப்படி தனிநபர் விவரங்கள் ரகசியம் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்று, பிடித்த அந்த ஒரு நாள் சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று முன்மொழிகிறேன். பிடிக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அதனால் நானே கேட்கிறேன்.