ராஜபாளையம் பக்கத்துக் குரல்

சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி ஒட்டுகிற வீடுகளில் வேலையோடு வேலையாகப் பாட்டும் ஓடும். பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான். இதே மாவட்டத்து மண்ணிலிருந்து வந்த இன்னொரு குரலையும் நீங்கள் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

ராஜபாளையம் பக்கத்தில் பிறந்தவர் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். கணவரோடு ஊர் ஊராகப் போய், வயக்காட்டுப் பாட்டையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் பாடியவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்தார். பிறகு அவற்றை மேடையேற்றினார். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கிராமியப் பாட்டு கேட்கும்போது உறுமி மேளத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் தட்டுவார்கள். மறுமுகத்துத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் பிறக்கிறது. கைப்பேசியில் அது பாதிகூடக் கேட்காது. பங்குனிப் பொங்கல் திருவிழாவில் மேளக்காரர் பக்கத்தில் நின்று கேட்டால் நெஞ்சுக்குள் அதிரும்.

கிராமியக் கலைஞர்கள் பலருக்குச் சுவரொட்டி கிடையாது, விளம்பரம் கிடையாது. நாம் சொன்னால்தான் அடுத்தவருக்குத் தெரியும். உங்களுக்குப் பிடித்த உள்ளூர்ப் பாடகர் ஒருவரின் பெயரை, ஊரோடு சேர்த்து, இன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள்.